ரப்பர் பேண்டும் வரைபடமும்: அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகளோடு 66 நாள்

இந்தக் கேஸை எழுதக் காரணம் ஒன்றுதான். பாதி வழியில் இதை "முன்னேற்றம் நன்று" என்று எழுதி மூடியிருப்பேன், பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். மூடாமல் தடுத்தது என் அனுபவமோ மேற்பார்வையாளரோ இல்லை, ஒரு நோட்டுப்புத்தகத்தில் இருந்த எண்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், எண்களை மாற்றவில்லை.

பின்னணி

அவருக்கு வயது 46. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அம்மாவுக்காக இரண்டு வருடம் முன்பு அதை விட்டுவிட்டார். அம்மாவுக்கு 78, டிமென்ஷியா என்று உறுதியாகி மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் கணவரும் கல்லூரியில் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். தம்பி ஒருவர் வெளியூரில். அம்மாவைப் பார்க்கும் டாக்டர்தான் சமூகப் பணியாளர்களான எங்களிடம் அனுப்பினார். அனுப்பிய தாளில் "பராமரிப்பாளர் சோர்வு, ஆலோசனை தேவை" என்று ஒரே வரி.

முதல் சந்திப்பில் அரை மணி நேரம் அம்மாவின் மருந்து, சாப்பாடு, குளியல் என்றே பேச்சு போனது. கிளம்பலாம் என்று நான் எழுந்த பிறகுதான் சொன்னார்: "நேத்து கை ஓங்கிட்டேன் மேடம். அடிக்கலை. ஆனா ஓங்கிட்டேன்."

மறுபடி உட்கார்ந்தேன்.

நடப்பது இதுதான். அம்மா நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்பார்: "தம்பி எப்ப வருவான்?" மகள் பதில் சொல்வார். ஐந்து நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி. ஆறாவது ஏழாவது தடவையில் குரல் ஏறும், அம்மா பயந்து அழுவார், அப்புறம் மகள் சமையலறைக்குள் போய் அழுவார். சிறிது நேரத்தில் அம்மா அழுததையே மறந்துவிட்டு மறுபடி கேட்பார். மகளுக்குத்தான் எதுவும் மறப்பதில்லை.

எதை எண்ணுவது

எங்கள் குழுவில் நான் ஒற்றை அமைப்பு ஆய்வு முறையைக் கொஞ்சம் பிடிவாதமாகப் பயன்படுத்துகிறவள். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நூறு பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிடுவதற்குப் பதிலாக, ஒரே ஆளையோ ஒரே குடும்பத்தையோ அவர்களோடே ஒப்பிடுவது. தலையீட்டுக்கு, அதாவது நாங்கள் செய்யும் உதவிக்கு, முன்பு ஒரே விஷயத்தைப் பல நாள் அளக்கிறோம், அது ஏ கட்டம். தலையீடு தொடங்கிய பிறகும் அதே விஷயத்தை அதே விதமாக அளப்பது பி கட்டம். தலையீட்டை மாற்றினால் அது சி கட்டம். ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் முடிந்தது. 1973-ல் ஜோயல் ஃபிஷர், சமூகப் பணியாளர்கள் செய்யும் கேஸ்வொர்க் (ஒவ்வொரு ஆளோடும் குடும்பத்தோடும் தனித்தனியாகச் செய்யும் வேலை) பலன் தருகிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, தருவதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். துறைக்கு அது பெரிய அடி. அடுத்து வந்த வருடங்களில் இந்த முறை சமூகப் பணிப் படிப்புகளுக்குள் வேகமாக வந்ததற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

சரி, இந்த வீட்டில் எதை அளப்பது? "சோர்வு" என்று தாளில் இருந்தது. சோர்வை எண்ண முடியாது. எது குறைந்தால் நிலைமை மாறியது என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள் என்று அவரிடமே கேட்டேன். யோசிக்கவே இல்லை: "கத்தறது."

கத்தல் என்றால் எது என்பதை முடிவு செய்யவே ஒரு முழு சந்திப்பு போனது. எரிச்சலான பதில் கத்தலா? பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்வது? கடைசியில் "பக்கத்து அறையில் இருப்பவருக்கு வார்த்தை புரியும் அளவுக்குக் குரல் உயர்ந்தால் ஒன்று, இடையில் ஐந்து நிமிடமாவது அமைதி இருந்து மறுபடி உயர்ந்தால் இன்னொன்று" என்று எழுதி இருவரும் வைத்துக்கொண்டோம். வேலையின் நடுவில் நோட்டைத் தேட முடியாது என்பதால் ரப்பர் பேண்ட் யோசனை. காலையில் இடது மணிக்கட்டில் பத்து ரப்பர் பேண்ட், ஒவ்வொரு கத்தலுக்கும் ஒன்று வலது கைக்குப் போகும், படுக்கும்முன் வலது கையை எண்ணி நோட்டில் எழுதுவார். பக்கத்தில் "அன்று நடந்தது" என்று ஒரு நெடுவரிசை போட்டுக் கொடுத்தேன். அதைச் சும்மா ஒரு பழக்கத்தில்தான் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது அளவு, மனக்கனம். 0 முதல் 10 வரை ஒரு கோடு, முனைகளில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவரே சொன்னார். 0 என்றால் "அம்மா பக்கத்துல உட்கார்ந்து ஒரு பாட்டு முழுசா கேட்க முடியுது." 10 என்றால் "கதவைத் திறந்துட்டு எங்கயாவது போயிடலாம்." இப்படி ஆளுக்கு ஆள் செய்துகொள்ளும் அளவுகோலை வேறு ஒருவரோடு ஒப்பிட முடியாதுதான், ஆனால் அவருடைய நேற்றோடு இன்றை ஒப்பிட அதைவிட நல்லது இல்லை.

மூன்றாவதாக, பராமரிப்பாளர்களுக்கென்றே உள்ள சாரிட் சுமை அளவுகோல். 22 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 88. அதைத் தினமும் கேட்க முடியாது, கட்டத்துக்கு ஒரு முறை என்று வைத்தோம். தொடக்கத்தில் 57 வந்தது.

கை ஓங்குவதைத் தனியாகக் குறிக்கச் சொன்னேன். அது வரைபடத்துக்கு இல்லை.

காத்திருக்கலாமா?

பேஸ்லைன், அதாவது ஏ கட்டத்தின் அளவு, எடுக்கும்போது எப்போதும் வரும் தர்மசங்கடம் இங்கே இரு மடங்கு. கை ஓங்கும் வீட்டில் பத்து நாள் எதுவும் செய்யாமல் எண்ணிக்கொண்டிருப்பதா? மூன்று புள்ளி இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால் மூன்று புள்ளியில் போக்கு எதுவும் தெரியாது, ஒரு மோசமான நாள் மொத்தத்தையும் இழுத்துவிடும்.

மேற்பார்வையாளரோடு பேசி முடிவு செய்தது: பத்து நாள் எடுப்போம், ஆனால் முதல் நாளே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கும். கை உயர்ந்தால் உடனே அறையை விட்டு வெளியே வருவது, கல்லூரியில் படிக்கும் தன் மகளையோ என்னையோ கூப்பிடுவது. ஒரு அடி விழுந்தாலும் பேஸ்லைன் அன்றோடு நிற்கும். நிறுத்தும் விதியை முன்கூட்டியே எழுதி வைத்தோம், ஏனென்றால் நடுவில் வந்து முடிவெடுக்கும்போது "இன்னும் இரண்டு நாள்தானே" என்று தோன்றும்.

இதனால் என் பேஸ்லைன் சுத்தமானது இல்லை. பாதுகாப்பு ஏற்பாடே ஒரு தலையீடுதான், எண்ணுவதும் ஒரு தலையீடுதான். கையில் பத்து ரப்பர் பேண்டோடு கத்துகிறவருக்கும் வெறும் கையோடு கத்துகிறவருக்கும் வித்தியாசம் இருக்கும். அதைத் தெரிந்தேதான் செய்தேன், மறுபடி வந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

பத்து நாள் எண்கள்: 5, 6, 4, 7, 5, 6, 8, 6, 5, 7. சராசரி 5.9. மனக்கனம் சராசரி 8.1. கை ஓங்கியது இரண்டு முறை, அடி இல்லை.

எண்ணிக்கை நம்பத்தக்கதா என்று பார்க்க, அதில் நான்கு நாள் மாலையில் அவருடைய கல்லூரி மகளையும் தனியாக எண்ணச் சொன்னோம், அவருக்குத் தெரிந்தே. ஒரே நேரத்தில் அந்தப் பெண் 14 எண்ணினாள், அவர் 11. ஒத்துப்போவது 79 சதவீதம், ஓரளவு பரவாயில்லை. விடுபட்ட மூன்றும் எப்படிப்பட்டவை என்று கேட்டபோது அந்தப் பெண் சொன்னது: "அது எங்க அம்மாவுக்குக் கத்தற மாதிரியே தெரியலை." அதாவது எண்கள் எல்லாமே கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். குறைவு ஒரே மாதிரி குறைவாக இருக்கும் வரை ஒப்பிடுவதில் பெரிய சிக்கல் இல்லை.

முதல் தலையீடு

எனக்குப் பழகிய வழியையே எடுத்தேன். அம்மா ஏன் அதே கேள்வியைக் கேட்கிறார் என்பதைப் புரியவைப்பது: அவர் வேண்டுமென்று செய்வதில்லை, சற்றுமுன் கேட்டதும் பதில் வந்ததும் அவருக்குள் பதியவே இல்லை, அதனால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறைதான். அப்புறம் பதில் சொல்வதற்குப் பதிலாகப் பேச்சை மாற்றுவது, தம்பியின் பழைய படத்தைக் கையில் கொடுப்பது, குரல் ஏறுவதற்கு முன் உடம்பு என்ன சொல்கிறது என்று கவனித்து (அவருக்குத் தாடை இறுகும்) இரண்டு நிமிடம் பால்கனிக்குப் போவது. வாரம் ஒரு முறை நேரில், நடுவில் ஒரு போன்.

அவர் நன்றாக ஒத்துழைத்தார். சந்திப்புகள் நன்றாகப் போயின, அவர் சிரிக்க ஆரம்பித்தார், "உங்ககிட்ட பேசினா பாரம் இறங்குது மேடம்" என்றார். மனக்கனம் எட்டிலிருந்து ஆறுக்கு வந்தது. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

கத்தல் எண்கள் மட்டும் அசையவில்லை. முதல் வாரம் 6, 5, 7, 5, 6, 4, 5. இரண்டாம் வாரம் 5, 4, 6, 5, 4, 5, 5. அந்த இரண்டாம் வாரத்தில் மூன்று நாளின் பதிவு ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தது. கேட்டேன். மூன்று நாளாக எழுத முடியவில்லை, ஞாபகத்தில் இருந்ததை எழுதினேன் என்றார். பொய் சொல்லாததே பெரிய விஷயம். வரைபடத்தில் அந்த மூன்று புள்ளிகளை மட்டும் நிரப்பாத வட்டமாகப் போட்டேன்.

மூன்றாம் வாரம் வந்தது: 5, 4, 2, 1, 2, 2, 5.

அந்த நான்கு நாள்

நோட்டைப் பார்க்கும்முன் போனில் எண்களைத்தான் கேட்டு எழுதிக்கொண்டேன். கணக்குப் போட்டால்: பேஸ்லைன் சராசரி 5.9, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 1.2, அதன் இரண்டு மடங்கைக் கழித்தால் கீழ்க்கோடு 3.5. தொழிற்சாலையில் தரம் பார்க்க வால்டர் ஷூஹார்ட் 1920களில் உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபடத்தின் வழி வந்த உத்தி இது. அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் கோட்டைத் தாண்டினால் அது வெறும் தற்செயல் இல்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு நான்கு புள்ளிகள் தாண்டியிருந்தன. கற்றுக்கொடுத்த உத்தி மூன்றாவது வாரத்தில் படிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசி நாளின் 5? ஒரு சறுக்கல். பேனாவை எடுத்தேன் என்று தொடக்கத்தில் சொன்னது இந்த இடத்தில்தான்.

மறுநாள் வீட்டுக்குப் போய் நோட்டை வாங்கிப் பார்த்தேன். "அன்று நடந்தது" நெடுவரிசையில், எண் 2 இருந்த முதல் நாளுக்கு நேரே, "தம்பி வந்தான்." நான்காவது நாளுக்கு நேரே, "தம்பி கிளம்பினான்."

தம்பி நான்கு நாள் லீவில் வந்திருக்கிறார். போனதும் எண் 5-க்குத் திரும்பிவிட்டது. நான் திட்டமிட்டு யாரிடமும் தலையீட்டைப் பறித்துப் பார்க்க மாட்டேன், அது இந்த மாதிரி வீட்டில் செய்யக்கூடாத காரியம். ஆனால் வாழ்க்கையே வந்து ஒன்றைக் கொடுத்து, எடுத்து, காட்டிவிட்டுப் போனது. தம்பி இருந்த நாட்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் பி கட்டத்தில் ஒரு புள்ளி கூடக் கீழ்க்கோட்டைத் தாண்டவில்லை.

சரி, தம்பி வந்ததில் எது வேலை செய்தது? என் முதல் ஊகம் வெளிப்படையானது: அம்மா கேட்பதே தம்பியைத்தான், அவர் வந்துவிட்டார், கேள்வி நின்றது, அதனால் கத்தலும் நின்றது. அழகான விளக்கம். தம்பிக்குப் போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பக்கத்துல உட்கார்ந்திருக்கிற என்கிட்டயே கேட்டாங்க மேடம், தம்பி எப்ப வருவான்னு. நாலு நாளும் கேட்டாங்க."

கேள்வி நிற்கவில்லை. என் விளக்கம் போயிற்று.

அப்புறம் மூன்று சாத்தியம் மிச்சம். தம்பி முன்னால் கத்தக் கூச்சமாக இருந்திருக்கலாம். பகலில் இன்னொரு ஆள் கைவேலைக்கு இருந்திருக்கலாம். இல்லையென்றால் மூன்றாவது, அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னது: "அந்த மூணு ராத்திரியும் அம்மா ரூம்ல அவன்தான் படுத்தான். நான் தூங்கினேன்." அம்மா இரவில் நான்கைந்து முறை எழுந்து நடமாடுவார் என்பது எனக்கு முதல் சந்திப்பிலேயே தெரியும். குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் தூக்கத்தை ஒரு அளவாக நான் வைக்கவில்லை, ஏனென்றால் நான் கற்றுக்கொடுக்க வந்தது பால்கனிக்குப் போவதும் பேச்சு மாற்றுவதும்தான், என் கண் அதையே தேடியது.

உடனே இரவு ஏற்பாட்டை மாற்றிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டோம், தூக்க நேரம் என்ற நெடுவரிசையை மட்டும் சேர்த்து, மற்றது எல்லாம் அப்படியே. அந்த வாரம் கத்தல் 6, 5, 5, 4, 6, 5, 4. தூக்கம் சராசரி 4 மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. சாரிட் 49. கை ஓங்கியது இந்த 28 நாளில் ஒரு முறை.

இரண்டாவது தலையீடு

39-ஆம் நாளிலிருந்து சி கட்டம். பகலில் எதையும் மாற்றவில்லை, மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இரவு மட்டும்: வாரத்தில் இரண்டு இரவு கணவர், ஒரு இரவு கல்லூரி மகள், அம்மா அறையில். அந்த இரவுகளில் இவர் கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில்.

சொல்ல எளிது. கணவரோடு உட்கார்ந்த அந்தச் சந்திப்புதான் இந்த 66 நாளில் கடினமானது. "எனக்குக் காலையில வேலை இருக்கு" என்றார் அவர். அவருக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வந்தது, சொல்லவில்லை. வரைபடத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன், நான்கு புள்ளி பள்ளத்தைக் காட்டி அது எந்த நாட்கள் என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் பார்த்தார். "செவ்வாயும் வெள்ளியும் நான் பார்த்துக்கறேன்" என்றார். வரைபடத்தைக் குடும்பத்திடம் காட்டலாமா கூடாதா என்று எங்களுக்குள் வாதம் உண்டு. இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் காட்டும் கட்சி.

முதல் வாரம் 5, 4, 3, 4, 3, 3, 4. இரண்டாம் வாரம் 3, 2, 3, 3, 2, 4, 2. இந்த 14 நாளை இரண்டாகப் பிரித்தால், தூங்கிய இரவுக்கு மறுநாட்கள் ஆறு, அவற்றின் சராசரி 2.5, மற்ற எட்டு நாட்களின் சராசரி 3.8.

மூன்றாம் வாரம் கல்லூரி மகளுக்குப் பரீட்சை, கணவருக்கு வெளியூர் வேலை, ஏற்பாடு உடைந்தது: 2, 2, 5, 5, 4, 2, 1. நடுவில் ஏறியிருக்கும் மூன்றும் அந்த நாட்கள்தான். குடும்பத்துக்கு அது பின்னடைவு, அவர் ரொம்பவே மனம் விட்டுப்போனார். வரைபடத்துக்கு அது இரண்டாவது முறையாகக் கிடைத்த ஆதாரம். இப்படி யோசிக்கும்போது கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரத்தான் செய்கிறது.

நான்காம் வாரம் 1, 2, 1, 0, 2, 1, 1.

அந்தப் பூஜ்யத்துக்கு நேரே "அன்று நடந்தது" நெடுவரிசையில் எதுவும் எழுதவில்லை, ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

கணக்கு சொன்னதும் சொல்லாததும்

கத்தலின் சராசரி ஏ கட்டத்தில் 5.9. பி கட்டத்தில் தம்பி இருந்த நாட்கள் நீங்கலாக 5.0. சி கட்டத்தில் 2.6. மனக்கனம் 8.1, 5.6, 4.2. சி கட்ட முடிவில் சாரிட் 36, கை ஓங்கல் இல்லை.

மனக்கனத்தையும் கத்தலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி கட்டத்தில் மனக்கனம் நன்றாகவே இறங்கியது, கத்தல் ஏறக்குறைய அப்படியே. என்னோடு பேசியதில் மகளுக்கு லேசானது, அம்மாவுக்கு எதுவும் மாறவில்லை. "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டிருந்தால், நல்லாயிருக்கேன் மேடம் என்றிருப்பார், உண்மையாகவே. நானும் மூடியிருப்பேன், அடுத்த அறையில் அம்மா தினமும் ஐந்து முறை பயந்துகொண்டிருப்பார். ஒரே அளவை நம்பக்கூடாது என்று படிக்கும்போது தேர்வுக்காக எழுதியது, இங்கேதான் எனக்கு உறைத்தது.

புள்ளிவிவர உத்தி ஒன்றிலும் கை சுட்டுக்கொண்டேன். முந்தைய கட்டத்தின் மிக நல்ல புள்ளியையும் மிஞ்சிய புள்ளிகள் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஸ்க்ரக்ஸ், மாஸ்ட்ரோபியரி, காஸ்டோ மூவரும் 1987-ல் முன்வைத்தது. 70-க்கு மேல் பலன், 50-க்குக் கீழே பலனில்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஏ கட்டத்தோடு ஒப்பிட்டால் சி கட்டத்தின் 28 நாளில் 20 நாள் மிஞ்சுகிறது, 71 சதவீதம். ஆனால் ஒழுங்காகப் பார்த்தால் அடுத்தடுத்த கட்டங்களைத்தான் ஒப்பிட வேண்டும், அதாவது பி-யோடு சி. பி-யில் தம்பி இருந்தபோது ஒரு நாள் 1 வந்திருக்கிறது. அதை மிஞ்சியது அந்த ஒரே பூஜ்யம்தான். 4 சதவீதம்! ஒரு நல்ல நாள் முழு மாதத்தையும் விழுங்கிவிட்டது. கண்ணால் வரைபடத்தைப் பார்க்கிறவர் யாரும் 4 சதவீதம் என்று சொல்லமாட்டார். இரண்டு எண்களையும் அறிக்கையில் எழுதி, ஏன் இப்படி என்றும் எழுதினேன்.

தூக்கம்தான் காரணம் என்று அடித்துச் சொல்வேனா? மாட்டேன். சி கட்டத்தின் இரண்டாம் வாரத்தில், 47-ஆம் நாள், அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று இருப்பது தெரிந்து டாக்டர் மருந்து கொடுத்தார். முதியவர்களுக்கு, அதுவும் டிமென்ஷியா இருப்பவர்களுக்கு, அந்தத் தொற்று குழப்பத்தையும் அலைக்கழிப்பையும் நன்றாகவே கூட்டும். மருந்துக்குப் பிறகு இரவில் எழுவது ஐந்திலிருந்து இரண்டு மூன்றுக்கு வந்தது. ஆகவே மற்றவர் பார்த்துக்கொள்ளாத இரவுகளிலும் இவர் கொஞ்சம் அதிகம் தூங்கியிருப்பார். தொற்று எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. பேஸ்லைனிலேயே இருந்ததோ என்னவோ. பி கட்டத்தில் கற்றுக்கொண்டது தூக்கம் கிடைத்த பிறகுதான் கைகொடுத்தது என்றும் ஒருவர் சொல்லலாம், அதை மறுக்க இந்த வடிவமைப்பில் வழி இல்லை. பி இல்லாமல் சி-யை நான் சோதிக்கவில்லை. எனக்குத் தைரியம் தருவது ஒன்றுதான்: தம்பி வந்து போனபோதும், பரீட்சை வாரத்திலும், மருந்துக்கு முன்பும் பின்பும், இரவு உதவி இருந்த இடத்திலெல்லாம் எண் கீழே, இல்லாத இடத்தில் மேலே.

இரண்டு மாதம் கழித்து

ஒரு வாரம் மட்டும் மறுபடி எண்ணச் சொன்னோம்: 2, 1, 3, 2, 2, 1, 2. சாரிட் 40, கொஞ்சம் ஏறியிருக்கிறது. அம்மாவின் நிலை இறங்கிக்கொண்டிருக்கிறது, இது ஏறத்தான் செய்யும். கணவரின் இரண்டு இரவு ஒன்றாகிவிட்டது. ஆனால் தம்பி மாதம் ஒரு முறை இரண்டு இரவு வந்து தங்குகிறார். அவரை யாரும் கேட்கவில்லையாம், போனில் என்னோடு பேசியதற்குப் பிறகு அவராகவே ஆரம்பித்தது.

ரப்பர் பேண்டுகள் அம்மாவிடம் இருந்தன. மடியில் வைத்து ஒவ்வொன்றாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

கேஸை அன்று மூடினோம், இரவு ஏற்பாடு வாரத்துக்கு இரண்டுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடுத்த முறை மாற்றுவது

தூக்கத்தை முதல் நாளிலிருந்தே அளப்பேன். என் தலையீடு எதைத் தொடுகிறதோ அதை மட்டும் அளப்பது, விளக்குக்கு அடியில் மட்டும் சாவியைத் தேடுவது போல. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் பேஸ்லைனுக்கு முன்பே டாக்டர் ஒரு முறை முழுதாகப் பார்த்துவிடட்டும் என்று கேட்பேன், அந்தத் தொற்று அப்போதே பிடிபட்டிருந்தால் வரைபடமும் தெளிவாக இருந்திருக்கும், அந்த அம்மாவும் அத்தனை வாரம் வேதனைப்பட்டிருக்க மாட்டார். எண்களைப் போனில் மட்டும் வாங்கமாட்டேன். நோட்டைப் பார்த்த பிறகுதான் கணக்கு.

இன்னொன்று, இதற்கு எனக்குச் சரியான விடை இன்னும் இல்லை. இந்த 66 நாளில் நாங்கள் அளந்தது எல்லாமே மகளை. கத்தல் மகளுடையது, மனக்கனம் மகளுடையது, சுமை மகளுடையது. கத்தப்பட்டவர் அம்மா. அவரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியாது என்பது நிஜம்தான், ஆனால் பார்த்து எண்ண முடியும். மகள் அறைக்குள் வரும்போது அவர் முகத்தைத் திருப்புகிறாரா, கையை நீட்டுகிறாரா என்பதைப் பார்த்தால் தெரியும். என் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். நான்காவது சந்திப்பில் "மகள் உள்ளே வந்ததும் போர்வையை இழுத்துக்கொண்டார்" என்று ஒரு வரி, கடைசி சந்திப்பில் "மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், தம்பி எப்ப வருவான்" என்று ஒரு வரி. இடையில் எதுவும் இல்லை. இப்போது எடுத்திருக்கும் கேஸில் அதற்கென்று ஒரு நெடுவரிசை போட்டிருக்கிறேன், தினமும் மூன்று தடவை ஒரு டிக், பேத்தி வயதுப் பெண் ஒருத்தி நிரப்புகிறாள், ஆறு நாள் ஆகியிருக்கிறது.